முதலாளித்துவமும் சுதந்திரவாதிகளும்

சொற்களுக்கும் வாழ்க்கை வரலாறு உண்டு. பிறந்த வீட்டில் ஒரு பொருளும் புகுந்த வீட்டில் வேறொரு பொருளுமாக வாழும் சொற்கள் எல்லா மொழிகளிலும் உள. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' என்னும் தமிழ்ச்சொல் பின்னாளில் எக்கதி அடைந்தது என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டுவது வழக்கம். மேலைநாட்டு அரசியல் நூல்களில் அவ்வாறு பொருள் புரண்ட சொற்கள் இரண்டு உள. அவற்றின் கதையை அறிந்தால், நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஒரு பெரிய வழக்கின் வேர் எங்கே இருக்கிறது என்பது புலப்படும்.

முதற்சொல் 'முதலாளித்துவம்'. இச்சொல்லை அரசியற் பொருளில் எடுத்தாண்ட முன்னோடிகளுள் ஒருவர் பிரெஞ்சு நாட்டுச் சமதர்மவாதியான லூயி பிளாங்க். மூலதனம் வேறு, முதலாளித்துவம் வேறு என்று அவர் 1850-ல் பிரித்துக் காட்டினார். மூலதனம் உழைப்புக்குத் துணையாகும் பொருள். அதனைச் சிலர் தமக்கே உரியதாக்கிக் கொண்டு ஏனையோரை விலக்கி வைப்பதே முதலாளித்துவம் என்பது அவர் கருத்து. ஆகவே, இச்சொல் பிறந்தபோதே ஒரு குற்றச்சாட்டாகப் பிறந்தது. அதனைப் பெருமைப் பெயராகச் சூட்டிக்கொள்வோர் தோன்றுவதற்கு இன்னொரு நூற்றாண்டு ஆயிற்று.

இரண்டாவது சொல் 'லிபர்டேரியன்'. 'சுதந்திரவாதி' எனத் தமிழில் கூறலாம். ஜோசப் தெஜாக் என்ற பிரெஞ்சுத் தொழிலாளி 1857-ல் புரூதோனுக்கு எழுதிய கடிதத்தில் இச்சொல்லின் பிரெஞ்சு வடிவத்தை அரசியற் பெயராக ஆண்டார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அதே பெயரால் ஒரு பத்திரிகையும் தொடங்கி 1861 வரை நடத்தினார். தெஜாக் பொதுவுடைமைக் கொள்கையர்; அரசாங்கமும் வேண்டாம், சொத்துரிமையும் வேண்டாம் என்றவர். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1955-ல், டீன் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர், தனியுடைமையையும் தடையற்ற வாணிகத்தையும் போற்றும் தம் நண்பர்கள் இப்பெயரையே சூடிக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். 'லிபரல்' என்ற பழைய பெயர் அரசாங்கத் தலையீட்டை விரும்புவோர் கைக்குப் போய்விட்டது என்பது அவர் மனக்குறை. பொதுவுடைமைக்காரன் கட்டிய வீட்டில் வாணிகச் சுதந்திரக்காரர் குடிபுகுந்த கதை இது.

எந்த மனிதனையும் மற்றொருவன் வலுக்கட்டாயமாக ஏவக்கூடாது. அரசாங்கமும் இவ்விதிக்கு விலக்கன்று. இது சுதந்திரவாதிகள் எல்லோர்க்கும் பொதுவான அடிப்படை. அப்படியிருக்க, முதலாளித்துவம் நீதியானதா என்ற கேள்விக்கு மட்டும் அவர்கள் நேர் எதிரான விடைகளைக் கூறியது ஏன்?

கடிகாரக் கடை

ஜோசையா வாரன் 1798-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். இசை வல்லுநர், பன்றிக் கொழுப்பில் எரியும் விளக்கொன்றைக் கண்டுபிடித்தவர். ராபர்ட் ஓவன் இந்தியானாவில் நிறுவிய நியூ ஹார்மனி என்ற கூட்டுக் குடியிருப்பில் 1825-ல் குடும்பத்தோடு சேர்ந்தார். அங்கே எல்லாம் எல்லோர்க்கும் பொது. இரண்டாண்டுக்குள் அம்முயற்சி சிதைந்தது. மனிதர் இயல்பால் வேறுபட்டவர். அவர்தம் பொருளையும் பொறுப்பையும் ஒன்றாகக் குழைத்தால் பூசலே மிஞ்சும் என்ற பாடத்தோடு வாரன் வெளியேறினார். ஆனால் ஓவனிடம் கற்ற ஒன்றை அவர் கைவிடவில்லை. பொருளின் மதிப்பு உழைப்பிலிருந்து வருகிறது என்பதே அது.

சின்சினாட்டி நகரில் 1827-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் வாரன் ஒரு சில்லறைக் கடை திறந்தார். கடையில் ஒரு கடிகாரம் இருந்தது. பொருளின் கொள்முதல் விலை யாவரும் காண எழுதப்பட்டிருக்கும். கடை வாடகை முதலிய செலவுகளுக்காக நூற்றுக்குச் சில விழுக்காடு மட்டும் அதன்மேல் சேரும். கடைக்காரர் பொருளை எடுத்து நிறுத்துக் கொடுக்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதைக் கடிகாரம் காட்டும். அந்நேரத்துக்கு ஈடாக வாங்குபவர் தம் தொழிலில் அத்தனை நேரம் உழைத்துத் தருவதாக ஓர் உழைப்புச் சீட்டு எழுதித் தருவார். தச்சர் தச்சு வேலைக்கும், தையற்காரி தையலுக்கும் சீட்டு எழுதினர். பேரம் பேசுவோர் தம் நிமிடக் கணக்கைத் தாமே ஏற்றிக்கொண்டனர்! இக்காரணம் பற்றியே அதற்குக் 'காலக் கடை' என்று பெயர் வந்தது.

வாங்குபவனுடைய தேவை எவ்வளவு அவசரமானது என்பதைப் பார்த்து விலை சொல்வது அநீதி என்பது வாரனின் துணிபு. தாகத்தால் நா வறண்டவனிடம் ஒரு குவளை நீருக்கு அவன் உயிரின் விலையைக் கேட்பது போன்றது அது. விற்பவனுக்கு ஆன செலவும் பட்ட பாடும் எவ்வளவோ, அதுவே விலைக்கு எல்லை. கடினமான, அருவருப்பான வேலைக்குக் கூடுதல் ஈடு உண்டு என்பதையும் அவர் ஒப்பினார். மூன்றாண்டு நடத்திய பிறகு, கொள்கை செயலுக்கு ஒத்துவரும் என்பது மெய்ப்பிக்கப்பட்டதாகக் கருதி 1830-ல் தாமே கடையை மூடினார்.

வாரன் எவரையும் சட்டத்தால் கட்டுப்படுத்தக் கேட்கவில்லை என்பது கருதத்தக்கது. வரி வேண்டா, பறிமுதல் வேண்டா, புரட்சி வேண்டா. தெருவுக்கு நடுவில் ஒரு கடை, விரும்புவோர் வரலாம். சந்தையை வைத்துக்கொண்டே இலாபத்தை நீக்கிவிடலாம் என்று நம்பிய மனிதர் அவர். சந்தை என்றாலே முதலாளித்துவம் என்று கருதிப் பழகியவர்களுக்கு இக்கடை ஒரு விடுகதையாகவே தோன்றும்.

நான்கு ஏகபோகங்கள்

வாரன் 1874-ல் மறைந்தார். அதற்கு இரண்டாண்டு முன்னர் அவரைச் சந்தித்த ஓர் இளைஞர் பெஞ்சமின் டக்கர். புரூதோனின் சொத்துரிமை பற்றிய நூலை 1876-ல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர். 1881 ஆகஸ்டு முதல் 'லிபர்டி' என்ற ஏட்டை 1908 வரை நடத்தியவர். தம்மைச் சமதர்மவாதி என்றும் அதே மூச்சில் போட்டி வாணிகத்தின் ஆதரவாளர் என்றும் டக்கர் கூறிக்கொண்டார். இதில் முரண் ஏதும் அவருக்குத் தோன்றவில்லை. அவர் கண்ட குறை வேறு: தொழிலாளர்மீது போட்டி முழு வெயிலாகக் காய்கிறது, பணம் படைத்தோரோ அரசாங்கம் விரித்த குடையின்கீழ் நிற்கின்றனர்.

அந்தக் குடைக்கு நான்கு கம்பிகள் என்று 1888-ல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையில் அவர் விளக்கினார். பண ஏகபோகம், நில ஏகபோகம், சுங்கவரிக் காப்பு, பேடண்டு எனப்படும் கண்டுபிடிப்புத் தனியுரிமை ஆகியவையே அவை. இவற்றுள் பணமே தலையானது. மாநில வங்கிகள் வெளியிட்ட நோட்டுகள்மீது நூற்றுக்குப் பத்து வரி விதித்து 1865-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், தேசிய வங்கிகளைத் தவிர மற்றெல்லா வங்கிகளின் நோட்டுகளையும் ஒழித்துக் கட்டியது. வங்கி நடத்தும் உரிமை யாவர்க்கும் கிடைத்தால், வட்டி வங்கிக் கணக்கரின் கூலியளவுக்கு, அதாவது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழாக இறங்கிவிடும் என்று டக்கர் நம்பினார். நிலத்தைப் பொறுத்தவரை, குடியிருந்து பயன்படுத்துபவனுக்கே உரிமை. பத்திரம் மட்டும் வைத்துக்கொண்டு வாரம் வாங்குபவனுக்கு உரிமை இல்லை என்றார்.

அரசாங்கம் குடை பிடிக்கிறது என்பது வெறும் கற்பனையன்று. டக்கரின் மூத்த நண்பர் லைசாண்டர் ஸ்பூனர் அதனை நேரில் அனுபவித்தவர். அந்நாளில் பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு கடிதம் அனுப்ப 18¾ சென்ட் ஆயிற்று. ஸ்பூனர் 1844-ல் சொந்தமாகத் தபால் கம்பெனி தொடங்கி, டாலருக்கு 20 வில்லை என்று விற்றார். மக்கள் மொய்த்தனர். அரசாங்கம் அவருடைய ஆட்களைப் பிடித்து வழக்குத் தொடுத்தது. 1845-ல் காங்கிரஸ் தபால் கட்டணத்தை 300 மைலுக்குள் 5 சென்டாகக் குறைத்தது. அதே சட்டத்தால் தனியார் தபாலுக்கு இருந்த தடையையும் இறுக்கியது. கட்டணம் குறைந்ததற்குக் காரணமானவர் கடையைக் கட்டினார்.

இனி, டக்கரின் வட்டிக் கணக்கு நிற்குமா? நிற்காது என்றே கூறவேண்டும். இன்று கிடைக்கும் பொருளை அடுத்த ஆண்டு கிடைக்கும் பொருளினும் மேலாக மதிப்பது மனித இயல்பு என்றும், வட்டியின் வேர் அங்கே இருக்கிறது என்றும் ஆஸ்திரியப் பொருளியலறிஞர் பொம்-பாவர்க் 1880-களில் நிறுவிக் காட்டினார். நோட்டு அச்சிடுவோர் பெருகினால் இந்த இயல்பு மாறிவிடாது. ஆயினும் ஏனைய ஏகபோகங்களைப் பற்றி டக்கர் கூறியதற்கு இவ்வாறு எளிதில் விடை கூறிவிட இயலாது.

1908 ஜனவரியில் நேர்ந்த தீவிபத்தில் டக்கரின் புத்தக இருப்பு முழுவதும் எரிந்தது, காப்புறுதி இல்லை. அவர் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்து 1911-ல் தம் பழைய கட்டுரைக்கு ஒரு பின்னுரை சேர்த்தார். அதைப் படிப்போர் நெஞ்சம் கனக்கும். ஏகபோகங்கள் பலகாலம் தடையின்றி வளர்த்துவிட்ட பெருங்கூட்டு நிறுவனங்களை, இனி முழுச் சுதந்திரம் வந்தாலும் அழிக்க முடியாதோ என்று அவர் அஞ்சினார். நேற்று சலுகையால் சேர்ந்த செல்வம் இன்றைய சுதந்திரப் போட்டியில் தானே கரைந்துவிடாது என்பதைத் தம் வாழ்நாள் நம்பிக்கைக்கு எதிராக அவர் எழுதினார். அதன்பின் 1939-ல் மொனாக்கோவில் இறக்கும்வரை பெரிதாக எதையும் அவர் எழுதவில்லை.

ஸ்பென்சர் கழற்றிய அத்தியாயம்

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதே முள் தைத்தது. 1848 முதல் 1853 வரை இலண்டன் 'எகானமிஸ்ட்' ஏட்டில் துணையாசிரியராக இருந்தவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். தடையற்ற வாணிகத்தின் முரசு அந்த ஏடு. வேடிக்கை என்னவெனில், மூலதனத்துக்குப் பங்கு கேட்போர் தொழிலாளியின் விளைவைக் கவர்கின்றனர் என்று 1825-லேயே நூலெழுதிய தாமஸ் ஹாட்ஜ்ஸ்கினும் அந்த ஏட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தவரே. கார்ல் மார்க்ஸ் மேற்கோள் காட்டிய மனிதரும், பிற்காலத்தில் முதலாளிகள் போற்றிய மனிதரும் ஒரே ஏட்டுக்கு உழைத்தனர்!

ஸ்பென்சர் 1851-ல் வெளியிட்ட 'சோஷியல் ஸ்டாட்டிக்ஸ்' என்னும் நூலில், பிறர்க்குள்ள சமசுதந்திரத்தைக் கெடுக்காத வரையில் ஒவ்வொருவனும் தான் விரும்பியதைச் செய்யலாம் என்ற விதியை வகுத்தார். அவ்விதியிலிருந்து தயக்கமின்றி ஒரு முடிவுக்கும் வந்தார். நிலத்தில் தனியுடைமை நீதியன்று. பூமி முழுவதும் சிலருக்குச் சொந்தமானால், ஏனையோர் அச்சிலரின் இசைவு பெற்றே பூமியில் நிற்க முடியும். அப்போது சமசுதந்திரம் எங்கே? பழைய நிலப்பத்திரங்களின் அடியைத் தோண்டினால் வாளும் வஞ்சகமுமே கிடைக்கும் என்றும், காலம் கடந்தது என்பதால் தீமை உரிமையாகிவிடாது என்றும் அந்த ஒன்பதாம் அத்தியாயம் வாதிட்டது.

நாற்பதாண்டு கழிந்தது. ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கர் 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலை 1879-ல் வெளியிட்டு, நிலவாரம் முழுவதையும் வரியாகப் பெற்றுப் பொதுவுக்குச் சேர்க்கக் கோரினார். மூலதனத்தை அவர் பகைக்கவில்லை. நிலத்தை மட்டுமே வேறாகக் கண்டார். அவருக்கு இங்கிலாந்தில் ஆதரவு பெருகிய வேளையில், பழைய அத்தியாயம் ஸ்பென்சருக்குச் சங்கடமாயிற்று. 1891-ல் எழுதிய 'நீதி' என்னும் நூலில் அவர் பின்வாங்கினார். தலைமுறை தலைமுறையாக நிலத்தைத் திருத்தியோர்க்கு ஈடு கொடுத்து மாளாது என்றார். அரசாங்க நிர்வாகம் தனியார் நிர்வாகத்தினும் கேடாக முடியும் என்றார். 1892-ல் வந்த சுருக்கப் பதிப்பில் அந்த அத்தியாயமே இல்லை. ஜார்ஜ் அதே ஆண்டில் ஒரு முழு நூலெழுதி ஸ்பென்சரைச் சாடினார். ஜார்ஜின் நடையில் காரம் மிகுதி. ஆனால் வாதம் சரியானது. ஈடு எவ்வளவு என்ற கணக்கு கடினமானது என்பதனால், முதல் உடைமை நீதியானதா என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை.

பெயர் மாறிய காலம்

இருபதாம் நூற்றாண்டில் இரஷ்யப் புரட்சியும் இரண்டு உலகப் போர்களும் வழக்கின் முகத்தை மாற்றின. அரசாங்கமே எல்லாத் தொழிலையும் நடத்தும் ஆட்சி எத்தகைய கொடுமைக்கு இட்டுச்செல்லும் என்பதைக் கண்டவர்களுக்கு, டக்கரின் நான்கு ஏகபோகங்கள் சிறிய நோயாகத் தோன்றின. இம்மாற்றத்தின் சுவட்டை ஒரு தமிழரின் வாழ்விலும் காணலாம். சென்னையில் 1887-ல் பிறந்த மா. பா. தி. ஆச்சாரியா, பாரதியார் எழுதிவந்த 'இந்தியா' வார இதழோடு தொடர்புடையவர். 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தொடங்கியவர்களுள் ஒருவர். பின்னர் மாஸ்கோவின் போக்கை வெறுத்து, அரசையும் கூலி முறையையும் ஒருங்கே மறுக்கும் அராஜகவாதியானார். 1954-ல் பம்பாயில் இறந்தார். அங்கே அவர் லோட்வாலா என்ற செல்வரின் ஆதரவில் நடந்த கழகத்தோடு சேர்ந்து பணியாற்றினார். அது 'லிபர்டேரியன்' என்ற பெயரைச் சமதர்மப் பொருளில் தாங்கியிருந்தது. அதே புரவலர் வட்டாரத்திலிருந்து சில ஆண்டுகளில் வெளிவந்த 'இந்தியன் லிபர்டேரியன்' ஏடோ தடையற்ற பொருளாதாரத்தையும் வரம்புக்குட்பட்ட அரசாங்கத்தையும் முழங்கியது!

ஆஸ்திரியரான லுட்விக் வான் மீசஸ் 1949-ல் வெளியிட்ட பெருநூலில், முதலாளித்துவத்தில் உண்மையான எசமானர் வாங்கும் பொதுமக்களே என்றார். முதலாளி அவர்களுக்கு ஏற்றபடி நடக்கத் தவறினால் ஓட்டாண்டியாவான். இரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த அய்ன் ராண்டு அம்மையார் 1966-ல் முதலாளித்துவத்தையே அறநெறியின் உச்சியாக ஏற்றி வைத்தார்; சுதந்திரவாதிகள் என்ற கூட்டத்தோடு சேர்த்துப் பேசப்படுவதை மட்டும் அவர் வெறுத்தார்.

இவர்களினும் நிதானமானவர் ஹயக். முதலாளித்துவம் என்ற சொல்லே தமக்கு உவப்பில்லை என்று 1954-ல் அவர் எழுதினார். 1960-ல் வெளியான 'சுதந்திரத்தின் அமைப்பு' என்ற நூலில், சந்தை தரும் ஊதியம் ஒருவனுடைய தகுதிக்கோ நற்பண்புக்கோ அளவாக இராது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவன் தரும் பண்டம் பிறர்க்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதைத்தான் அது காட்டும். அதில் நல்லூழும் கலந்திருக்கும். உழைத்தவனே உயர்வான் என்று பள்ளிச் சிறுவர்க்குக் கதை கூறிச் சந்தைக்கு வக்காலத்து வாங்குவது ஆபத்தானது என்று 1976-ல் அவர் எச்சரித்தார். இந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் பங்கிடுபவர் ஒருவருமில்லை, ஆகவே பங்கீட்டில் நீதி அநீதி பேசுவது பொருளற்றது என்று ஹயக் மேலும் கூறும்போது, டக்கரின் நிழல் குறுக்கே வந்து நிற்கிறது. ஏகபோகச் சட்டங்களை இயற்றியவர்கள் பெயரும் ஊரும் உடையவர்கள்தாமே?

இக்கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் எதிர்கொண்டவர் ஹார்வர்டு பேராசிரியர் ராபர்ட் நோசிக். 1974-ல் வந்த அவருடைய நூலில் ஓர் உவமை உண்டு. வில்ட் சேம்பர்லின் என்ற கூடைப்பந்து வீரரின் ஆட்டத்தைக் காண, ஓர் ஆண்டில் பத்து இலட்சம் பேர் ஆளுக்கு 25 சென்ட் மனமுவந்து தருகின்றனர். அவரிடம் 2,50,000 டாலர் சேர்கிறது. தொடக்கத்தில் எல்லோர் கையிலும் சமமான பணமே இருந்திருந்தாலும் இப்போது ஏற்றத்தாழ்வு வந்துவிட்டது. இதில் எவர் எவருக்குத் தீங்கிழைத்தார்? எவருமில்லை. நீதியான தொடக்கம், நீதியான கைமாற்றம். ஆகவே முடிவும் நீதியே.

இந்த உவமையைப் பலர் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பிப்பர். அதே நூலில் சில பக்கங்களுக்கு முன் நோசிக் கூறியதை அவர்கள் கூறுவதில்லை. தொடக்கம் நீதியாக இல்லாவிடில், பழைய அநீதியைச் சரிசெய்யும் கடன் ஒன்று உண்டு என்பதே அது. உலகில் உள்ள உடைமைகளில் எவை தூய வழியில் வந்தவை என்பது தெரியாதவரை, இக்கொள்கையை வைத்து இன்றைய செல்வர்க்கு நற்சான்று எழுத முடியாது. பழைய தவற்றைத் திருத்தச் சிறிது காலத்துக்குப் பேரரசாங்கம்கூடத் தேவைப்படலாம் என்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

முரே ராத்பார்டு இன்னும் துணிந்தார். அரசாங்கமே வேண்டாம், காவலும் நீதிமன்றமும்கூடச் சந்தையிலேயே கிடைக்கட்டும் என்ற தீவிர முதலாளித்துவர் அவர். 1965-ல் எழுதிய கட்டுரையில் ஸ்பூனர், டக்கர் ஆகியோரின் அரசியலை வியந்து போற்றி, வட்டிக் கணக்கை மட்டும் தள்ளினார். 1969 ஜூனில் எழுதியதோ நண்பர்களைத் திடுக்கிடச் செய்தது. அரசாங்கப் பணத்தில் வாழும் போர்த்தளவாடக் கம்பெனிகள் பெயரளவில்தான் தனியார் கம்பெனிகள். அவற்றைப் பறித்து அங்கே உழைப்போரிடம் ஒப்படைக்கலாம் என்றார். பிற்காலத்தில் அவர் நட்பும் சார்பும் வேறு திசையில் சென்றன. எனினும் 1982-ல் வந்த அவருடைய அறநெறி நூலில் அந்தக் கொள்கை அப்படியே இருக்கிறது: உழுதவனிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்துக்கு எத்தனை பத்திரம் இருந்தாலும் அது உழுதவனுக்கே உரியது. 2011-ல் அமெரிக்காவில் தொகுக்கப்பட்ட 'முதலாளித்துவமல்ல, சந்தைகள்' என்னும் பொருள்படும் பெயருடைய நூல், டக்கர் காலத்துக் கொடியை மீண்டும் ஏற்றியது. அதன் ஆசிரியர்களும் இக்கொள்கையைத் தொட்டே பேசினர்.

ராத்பார்டு அந்நூலில் எடுத்துக்காட்டிய நிகழ்ச்சிகளுள் ஒன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில் அடிமைகள் விடுதலை பெற்றது. பருத்தித் தோட்டங்களைத் திருத்தியதும் விளைவித்ததும் அடிமைகளே. ஆகவே விடுதலையோடு அந்நிலத்தையும் அவர்க்குத் தந்திருக்க வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. அவ்வாறு தரும் முயற்சி ஒன்று நடந்ததும் உண்டு. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், தென்கடற்கரையில் ஒரு பகுதியை ஒதுக்கி, குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை விடுதலை பெற்றோர் பயிரிடக் கட்டளையிட்டார். ஆயிரக்கணக்கானோர் குடியேறி விதைத்தனர். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். பின்வந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அவ்வாண்டு முடிவதற்குள் பெரும்பகுதி நிலத்தைப் பழைய உடைமையாளரிடம் திருப்பித் தரச் செய்தார். நிலமிழந்தோர்க்கு விற்பதற்குக் கையுழைப்பைத் தவிர வேறொன்றுமில்லை. அவர்களுள் பலர் முன்னாள் எசமானரின் வயலிலேயே கூலிக்கும் வாரத்துக்கும் உழத் திரும்பினர். அதற்கென எழுதப்பட்ட ஒப்பந்தங்களில் இருதரப்பாரும் மனமொப்பிக் கையெழுத்திட்டதாகவே கண்டிருக்கிறது. எழுத்தறியாதவர் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி இருக்கும்.